மோயாற்றங்கரையில் பனிக்காலம்: எதை, எங்கிருந்து, எப்போது பார்ப்பது?

கல்லட்டிச் சாரல்:

அனைவருக்கும் வணக்கம். உதகையில் ஆசிரியையாக இருக்கிறேன். இம்மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்து அதிக நாளாகவில்லை. பொங்கல் விடுமுறையில் என் பிள்ளைகள் இருவரையும் மோயாற்றுப் பக்கம் அழைத்துச் செல்லலாம் என்றிருக்கிறேன். ஒருவன் ஒன்பதாம் வகுப்பு, இளையவள் ஏழாம் வகுப்பு. யாரைக் கேட்டாலும் தெப்பக்காடு யானைகள் முகாமைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு வேண்டியது ஆற்றைப் பற்றிய விவரம். மார்கழி, தை மாதங்களில் அந்தக் கரையில் என்னென்ன உயிரினங்களைக் காணலாம், சட்டத்துக்கு உட்பட்டு எங்கிருந்து காணலாம், எந்த நேரம் உகந்தது என்பதை அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாயிருக்கும். இணையத்தில் தேடினால் விடுதி விளம்பரங்களாகவே வந்து விழுகின்றன.

வாலாட்டி:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் எளிதில் கண்ணில் படுவதிலிருந்து தொடங்குங்கள். சாம்பல் வாலாட்டி அதற்குப் பொருத்தமான பறவை. வடக்கே இமயத்திலும் அதற்கு அப்பாலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ நீலகிரிக்கு வந்துவிடும். ஏப்ரல் வரை ஓடையோரங்களில் தங்கும். நீர் தெறிக்கும் பாறையின் விளிம்பில் விறுவிறுவென்று நடந்து, சட்டென்று நின்று, நீண்ட வாலை மேலும் கீழும் ஆட்டி, எழும்பும் பூச்சியை ஒரு தாவலில் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதே பாறைக்கு வந்து சேரும். முதுகு சாம்பல் நிறம், வாலடி நல்ல மஞ்சள். அதே ஆற்றில் ஆண்டு முழுவதும் தங்கும் வெண்புருவ வாலாட்டியும் உண்டு. அது உருவில் பெரியது, தலையும் முதுகும் கறுப்பு, புருவம் மட்டும் வெள்ளை, மஞ்சள் துளியும் இராது. இவை இரண்டையும் பிரித்தறியப் பழகிவிட்டால் பிள்ளைகளுக்கு மற்றவை தானாக வரும்.

மணல் திட்டுகளில் உள்ளான், கரையோர மரங்களில் பச்சைக் கதிர்க்குருவி, புதரடியில் நாணல் கதிர்க்குருவி ஆகியவையும் இப்பருவத்து விருந்தாளிகளே. கதிர்க்குருவிகளைக் கண்ணால் தேடுவது வீண் வேலை. குரலைப் பிடித்துக்கொண்டு போவதே வழி. கீழே பவானிசாகர் வரை போக முடிந்தால் நீர்த்தேக்கத்தின் மேல் விரால் அடிப்பான் வட்டமிடுவதையும், கால்களை முன்னே நீட்டியபடி நீருக்குள் விழுந்து மீனோடு எழுவதையும் பார்க்க வாய்ப்புண்டு.

மருதமரத்தான்:

டீச்சர், நான் மசினகுடிப் பக்கத்துக்காரன். தம்பி வாலாட்டி எழுதியதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் பனிக்காலம் என்றால் வெளியூரிலிருந்து வருபவை மட்டுமே என்று நினைப்பது மோயாற்றுக்குப் பொருந்தாது. உள்ளூர்க்காரர்கள் பிள்ளைபெறும் பருவமும் இதுதான்.

வெண்முதுகுப் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், இவ்வாற்றின் கரையில் உயர்ந்து நிற்கும் நீர்மருது மரங்களின் உச்சியில் கூடு கட்டுகின்றன. ஐப்பசியில் குச்சி சேர்க்கத் தொடங்கும்; ஒரே முட்டைதான் இடும்; ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்; குஞ்சு பறந்து போகச் சித்திரை, வைகாசி ஆகிவிடும். நீங்கள் வரப்போகும் பொங்கல் சமயத்தில் கூட்டில் முட்டையோ, பொரித்துச் சில நாளே ஆன குஞ்சோ இருக்கும். இந்த நேரத்தில் மரத்தடியில் ஆள் நடமாட்டம் கண்டு பெரிய பறவை எழுந்து போய்விட்டால், அந்த ஆண்டு முழுவதற்குமான ஒரே குஞ்சு குளிருக்கும் காக்கைக்கும் இரையாகிவிடலாம்.

பறவையைப் பார்ப்பதற்குக் கூட்டுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. பாறு கனத்த பறவை. சிறகை அடித்து அடித்து அதனால் நெடுந்தூரம் போக முடியாது. வெயில் ஏறி, தரை சூடாகி, வெப்பக் காற்று மேலே எழும்பினால்தான் அது கிளம்பும். மார்கழியில் அதற்கு ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். அதுவரை மொட்டைக் கிளையில் இறக்கைகளை விரித்துப் பனி ஈரத்தை உலர்த்திக்கொண்டிருக்கும். பிறகு ஒன்று எழும்பி வட்டமிடும். மற்றவை ஒவ்வொன்றாக அதே காற்றைப் பிடித்துக்கொண்டு மேலேறும். மேலே போகும்போது திரும்புகையில் வெயில் பட்டு முதுகின் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். சிறகின் உட்புறத்தில் முன்பாதி வெள்ளையாக இருக்கும். மசினகுடியிலிருந்து மோயாறு கிராமத்துக்குப் போகும் சாலையில் ஊரை ஒட்டிய திறந்த வெளியில் நின்றாலே இதைப் பார்க்கலாம். விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பி நடுங்கவைக்க வேண்டியதில்லை.

ஒளிப்படப் பித்தன்:

சிறியூர்ப் பக்கம் கூடு உள்ள மரங்கள் சாலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளன என்பதை யாராவது தெரிவிக்க முடியுமா? என்னிடம் நீண்ட வில்லை இருக்கிறது, அருகில் போகமாட்டேன்.

மருதமரத்தான்:

தம்பி, தெரியும், சொல்வதற்கில்லை.

வாலாட்டி:

மருதமரத்தான் அண்ணா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் இதில் எனக்கு வேறு கருத்து உண்டு. எந்த உயிரினத்தைப் பற்றிய தகவலையும் சிலர் கைக்குள் மட்டும் வைத்துக்கொண்டால், அதற்காகக் குரல் கொடுக்கப் பொதுமக்கள் முன்வர மாட்டார்கள். பாறு என்றால் அருவருப்பு என்றிருந்த நிலை மாறியதற்கே ஒளிப்படங்கள்தாம் பெரிய காரணம். 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் ஒருங்கே நடத்திய கணக்கெடுப்பில் 246 பாறுகளும், அதே ஆண்டின் இறுதியில் நடந்த கணக்கெடுப்பில் 320 பாறுகளும் பதிவாயின. மக்கள் ஆர்வம் கூடியதால் விளைந்த நன்மையென்றுதான் இதை நான் பார்க்கிறேன்.

குறிஞ்சி மருத்துவர்:

நான் கோத்தகிரி வட்டாரத்தில் கால்நடை மருத்துவராக இருப்பவள். அந்த எண்களை வைத்து அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று தம்பியிடம் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டுமே இட்டு, அதிலும் எல்லாம் பிழைக்காத ஒரு பறவை, ஓராண்டுக்குள் முப்பது விழுக்காடு பெருக இயலாது. எண்ணும் இடங்களும் எண்ணுபவர்களும் கூடியிருக்கலாம். அன்றைய தினம் இரை கிடந்த இடத்தில் கூட்டம் சேர்ந்திருக்கலாம். முதுமலை, பந்திப்பூர், வயநாடு ஆகியவற்றுக்கிடையே நாள்தோறும் பறந்து திரியும் பறவையை எந்த மாநிலத்தின் கணக்கில் வைப்பது என்பதே சிக்கல். எண்ணிக்கை சரியவில்லை என்று மகிழலாம். அதற்கு மேல் சொல்லப் பல ஆண்டுகளாக எடுத்த கூடுகளின் கணக்கு வேண்டும்.

பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்காக இன்னொன்றையும் எழுதுகிறேன். 1990களில் தொடங்கி நாடு முழுவதும் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துபோயின. மாடுகளுக்கு வலிநீக்கியாகப் போடப்பட்ட டைக்ளோபினாக் ஊசிதான் காரணம் என்பது 2004இல் உறுதியானது. ஊசி போட்ட மாடு இறந்து, அதன் உடலைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளைப் பொடியாக யூரிக் அமிலம் படிந்து, சில நாட்களில் அது மடியும். கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்த 2006இல் தடை வந்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால், 2015இல் குப்பியின் அளவு 3 மில்லி லிட்டராகக் குறைக்கப்பட்டது. 2023இல் கீட்டோபுரோபெனும் அசிக்ளோபினாக்கும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. பாறுக்குக் கேடில்லாத மெலாக்சிகம் மருந்து கைவசம் இருக்கும்போது மற்றதை நாடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஒளிப்படம் எடுப்பவர்கள் உண்மையிலேயே உதவ விரும்பினால், மரத்தடிக்குப் போகும் நேரத்தில் அடிவாரத்து மருந்துக் கடைகளில் என்ன விற்கிறது என்று விசாரிக்கலாம்.

ஒளிப்படப் பித்தன்:

மருத்துவர் அம்மாவுக்கு நன்றி. மரம் இருக்கும் இடத்தைக் கேட்டதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. சிறியூர் மாரியம்மன் கோயில் திருவிழாவும் ஆனைக்கட்டிக் கோயில் திருவிழாவும் இதே பனிக்காலத்தில்தானே நடக்கின்றன? ஆயிரக்கணக்கானோர் வண்டிகளில் வருகிறார்கள். ஒரு படக்காரனால் ஆகும் தொந்தரவு அதைவிடப் பெரிதா?

மருதமரத்தான்:

கேட்க வேண்டிய கேள்விதான். அந்தச் சாமிகளுக்கு இருளர்களும் படுகர்களும் மற்ற அடிவாரத்து மக்களும் தலைமுறை தலைமுறையாகப் பொங்கல் வைக்கிறார்கள். முதுமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டதே 2007இல்தான். எங்கள் பாட்டன் காலத்தில் நடந்தும் மாட்டு வண்டியிலும் போனார்கள். இருட்டுவதற்குள் ஒலி அடங்கிவிடும். ஒலிபெருக்கியும் பட்டாசும் நூற்றுக்கணக்கான வாகனங்களும் பிற்பாடு வந்தவை. இப்போது வண்டிகளைக் குறைப்பது, நெகிழிப் பைகளைத் தடுப்பது, இரவில் தங்கவிடாமல் அனுப்புவது என்று வனத்துறை கட்டுப்பாடு வைக்கிறது. ஊர்ப் பெரியவர்களில் பலர் அதை ஏற்றுக்கொண்டுதான் நடக்கிறார்கள். திருவிழா சில நாளில் முடிந்துவிடும். படக்காரர்கள் ஐப்பசி முதல் சித்திரை வரை வருவார்கள் என்பதுதான் என் வருத்தம்.

குறிஞ்சி மருத்துவர்:

சில நாள் என்றாலும் அது அடைகாக்கும் நாளாக அமைந்துவிட்டால் விளைவு ஒன்றுதான், அண்ணா. வழிபாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. ஒலிபெருக்கி இல்லாத வழிபாட்டை அந்த மக்களே கேட்டுப் பெற வேண்டும் என்கிறேன்.

மருதமரத்தான்:

அதில் எனக்கும் உடன்பாடுதான், டாக்டர் அம்மா.

நீர்மட்டம்:

மின்வாரியத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஆற்றில் உயிரினங்களைப் பார்ப்பதற்கு முன் ஆற்றில் எந்த நீர் ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முக்குருத்திப் பக்கம் பிறக்கும் பைக்காரா ஆறுதான் கீழே மோயாறாகிறது. பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் உற்பத்தியைத் தொடங்கியது. அணையில் தேங்கும் நீர் கிளன்மார்கன் வழியாகக் குழாய்களில் சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்து மரவகண்டி அணைக்கும், அதன்பின் 1952இல் இயங்கத் தொடங்கிய 36 மெகாவாட் மோயாறு மின்நிலையத்துக்கும் போகிறது. 2005இல் வந்த 150 மெகாவாட் நிலத்தடி மின்நிலையத்தின் நீரும் இந்தப் பாதையில்தான் சேருகிறது. ஆகவே மலையில் தேங்கிய நீரின் பெரும்பங்கு தெப்பக்காட்டைத் தொடாமலேயே சுற்றிக்கொண்டு பள்ளத்தாக்கில் போய் ஆற்றில் கலக்கிறது.

இதனால் தெப்பக்காட்டில் நீங்கள் காணும் மோயாறும், கீழே பள்ளத்தாக்கிலுள்ள தெங்குமரஹடா ஊரில் காணும் மோயாறும் நடைமுறையில் இரண்டு ஆறுகள். மேலே, வடகிழக்கு மழை ஓய்ந்ததும் நீர் வற்றி, தை பிறக்கும்போது பாறைகளும் இடையிடையே நீர் தேங்கிய ஆழமான கசங்களுமாக ஆகிவிடும். மீன்கொத்தியும் பழுப்பு மீன் ஆந்தையும் இரை தேட அது வசதி. புள்ளிமானும் காட்டுமாடும் கடமானும் தண்ணீருக்கு இறங்கும் இடங்களும் குறைந்துபோவதால் ஒரே இடத்தில் காத்திருந்து பார்க்கலாம். கீழே, மின்தேவை கூடும் மாலை நேரங்களில் இயந்திரங்கள் முழுவீச்சில் ஓடினால், சில மணி நேரம் கழித்து ஆறு உயரும், நிறுத்தினால் இறங்கும். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாதபோது ஆறு பெருகுவதைக் கண்டு வெளியூர்க்காரர்கள் திகைப்பார்கள். மணல் திட்டில் இறங்கிக் கால் நனைக்கும் ஆசை எவருக்கும் வேண்டாம். முதலை இருப்பது அதற்கு இரண்டாவது காரணம்.

பரிசல்துறை:

நீர்மட்டம் ஐயா எழுதியது முற்றிலும் சரி. எங்கள் ஊர் தெங்குமரஹடா. நீலகிரி மாவட்டத்து ஊர்தான், ஆனாலும் வருவதற்குப் பவானிசாகர் வழியாகக் காட்டுப் பாதையில் வந்து மோயாற்றைக் கடக்க வேண்டும். ஆற்றின் உயரத்தைப் பார்த்துத்தான் எங்கள் நாள் நடக்கிறது.

பனிக்காலத்தில் இங்கே பார்க்க வேண்டியவை முதலையும் நீர்நாயும். இரவு முழுவதும் நீருக்குள் கிடந்த முதலை, வெயில் பாறையில் விழுந்த பிறகு மெல்ல ஏறிப் படுத்துக்கொள்ளும். கோடையில் அதிகாலையிலேயே வெயில் காய்ந்துவிட்டு நீருக்குள் போய்விடுவதை, மார்கழியில் நண்பகலில்கூடப் பாறையில் பார்க்கலாம். சூடு ஏறியதும் வாயைப் பிளந்து வைத்துக்கொள்ளும். முதுகின் சேறு காய்ந்து வெளுத்துப் பாறையோடு பாறையாகிவிடுவதால், தொலைநோக்கி இல்லாமல் பார்ப்பவர்கள் கட்டை என்று கடந்து போவார்கள்.

நீர்நாய்கள் குடும்பமாகத் திரியும். அவை இருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது எச்சம்தான். ஆற்றோரத்தில் நீரைவிடச் சற்றே உயர்ந்த தட்டைப் பாறையைத் தேர்ந்துகொண்டு, குடும்பம் முழுவதும் மீண்டும் மீண்டும் அங்கேயே எச்சமிடும். புதிது என்றால் கறுத்து, பசையாக, கடுமையான மீன் வாடை வீசும். பழையது உலர்ந்து சாம்பலாகி, உதிர்த்தால் செதில்களும் முள்ளும் நண்டு ஓட்டின் துண்டுகளுமாகச் சிதறும். ஐயா சொன்னபடி ஆறு உயரும் நாட்களில் இந்தப் பாறைகள் கழுவப்பட்டுவிடும். எனவே எச்சம் இல்லை என்பதால் நீர்நாய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. குட்டிகளோடு திரியும் குடும்பங்களை இந்தப் பருவத்தில் காணலாம். மீன் பிடிக்கும்போது வளைத்துச் சுற்றி மீனைக் கரையோரம் ஒதுக்கும்; குட்டிகள் பின்னால் சத்தமிட்டுக்கொண்டே வரும். நீர்த்தேக்கத்தில் வலை போடுபவர்களுக்கும் இவற்றுக்கும் ஓயாத வழக்கு உண்டு. கிழிந்த வலையைத் தைப்பவனிடம் போய் நீர்நாயின் அழகைப் பேசுவது சரியாக இராது.

திமில் மகசீர் என்னும் மீனையும் குறிப்பிட வேண்டும். காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டுமே வாழும் இம்மீனின் அறிவியல் அடையாளம் 2018இல்தான் தெளிவாகியது. மிகவும் அழியும் நிலையிலுள்ள உயிரினம் என்று உலகப் பட்டியலிலும் அதே ஆண்டில் சேர்ந்தது. மிஞ்சியிருக்கும் சில இடங்களில் மோயாறும் ஒன்று.

அருகே திறந்த புல்வெளிகளில் வெளிமான் கூட்டமும் உண்டு. கழுதைப்புலியின் கால்தடம் காலையில் பாதைப் புழுதியில் இருக்கும். ஆனால் டீச்சர், இது புலிகள் காப்பகத்தின் உட்பகுதி. வனத்துறை அனுமதி இல்லாமல் வர முடியாது. பொழுதுபோக்குக்காக அனுமதி எளிதில் கிடைக்காது. பிள்ளைகளோடு இந்தப் பயணத்தில் எங்கள் ஊரைச் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். பவானிசாகர் நீர்த்தேக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கல்லட்டிச் சாரல்:

இவ்வளவு பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதல் நாள் தெப்பக்காடு, மசினகுடி, மோயாறு கிராமச் சாலை; மறுநாள் பவானிசாகர் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. மசினகுடியில் ஜீப்பில் ஆற்றங்கரைக்கே அழைத்துப் போகிறோம் என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னார், அதை ஏற்கலாமா? பிள்ளைகளுக்கு எந்த அளவுத் தொலைநோக்கி வாங்குவது?

மருதமரத்தான்:

வேண்டவே வேண்டாம், டீச்சர். காட்டுக்குள் தனியார் ஜீப் போக அனுமதி கிடையாது. பிடிபட்டால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஏறியவர்கள் மேலும் வழக்கு வரும். தெப்பக்காட்டில் வனத்துறையே வாகனம் ஓட்டுகிறது, அதில் போங்கள். ஆற்றுப் பாலத்தின் மேலோ காட்டுச் சாலையிலோ வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. முகாமின் பார்வையாளர் பகுதியில் கரையைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்காருங்கள். யானைகள் குளித்து முடித்ததும் கூட்டம் கலைந்துவிடும். அதன் பிறகுதான் வாலாட்டியும் மீன்கொத்தியும் கலங்கிய நீருக்கு வரும். கல்லட்டி வழியாக இறங்குவதானால் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வெளிமாவட்ட வண்டிகளை அவ்வழியே விடாத காலமும் உண்டு, சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கூடலூர் வழி.

வாலாட்டி:

தொலைநோக்கியில் 8 மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் உள்ளது போதும். 10, 12 மடங்கு என்று போனால் பிள்ளைகளின் கை ஆட்டத்தில் பறவை நிலைகொள்ளாது. இளையவளுக்குக் கனமாக இருந்தால் 8 மடங்கு, 32 மில்லிமீட்டர் வாங்கலாம். மாலை மங்கலில் சற்றுத் தெளிவு குறையும், அவ்வளவே. புறப்படுவதற்கு முன் வீட்டு மாடியில் காக்கையைக் குறிவைத்து இரண்டு நாள் பழகட்டும், அக்கா. பொங்கல் நான்கு நாளும் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்தவற்றை எழுதி அனுப்பினால் உங்கள் பிள்ளைகளின் வாலாட்டியும் அதில் சேர்ந்துவிடும். பாறு கண்ணில் பட்டால் எத்தனை, எந்தத் திசையில் போயின என்பதைக் குறியுங்கள். எந்த மரத்தில் இறங்கின என்பதை மட்டும் பொதுவில் எழுத வேண்டாம். அந்த விஷயத்தில் மருதமரத்தான் அண்ணா சொன்னதற்கே நானும் வந்து சேர்கிறேன்.